சத்திரமும் முன்பதிவும்

தமிழ்நாட்டுச் சாலைகளில், இரவு தங்கும் இடத்தை முன்கூட்டியே உறுதி செய்துகொண்டு கிளம்பும் வழக்கம் மிக அண்மைக் காலத்தது. ரயிலுக்கு முந்திய நூற்றாண்டுகளில் நடந்தும் மாட்டுவண்டி கட்டியும் போனவர்களுக்கு அந்தக் கவலை வேறு வடிவில் இருந்தது. பொழுது சாயுமுன் எந்த ஊரை எட்டலாம், அங்கே சத்திரம் உண்டா, கிணற்றுத் தண்ணீர் குடிக்கத் தகுமா, மாட்டை அவிழ்த்துக் கட்டத் தோப்பு இருக்கிறதா என்பதையெல்லாம் போய்வந்தவர்களிடம் விசாரித்து வைத்துக்கொள்வார்கள். போய்ச் சேர்ந்தபின் தன் பெயருக்கு இடம் ஒதுக்கியிருக்கிறதா என்று யாரும் கேட்டதில்லை. தங்குமிடம் வழியைச் சேர்ந்தது; வந்தவர் மூட்டையை இறக்கிவைத்துப் படுத்துக்கொண்டார். அந்த ஏற்பாடு எப்படி உருவாயிற்று, யாரை உள்ளே விட்டது, யாரை வாசலில் நிறுத்தியது, எப்படித் தேய்ந்தது என்பதைப் பார்த்தால்தான் இன்றைய முன்பதிவின் பொருள் விளங்கும்.

வழித்தங்கலைப் பற்றிய பழைய தமிழ்ச் சான்றுகளில் முதன்மையானவை பத்துப்பாட்டில் உள்ள ஆற்றுப்படை நூல்கள். வள்ளலிடம் பரிசு பெற்றுத் திரும்பும் கலைஞன், எதிரே வரும் வறிய கலைஞனுக்கு வழி சொல்வதாக அவை அமைந்தவை. சிறுபாணாற்றுப்படையில் நல்லியக்கோடனைத் தேடிப் போகும் பாணனுக்கு ஊர் ஊராகச் செய்தி சொல்லப்படுகிறது. எயிற்பட்டினத்தில் பரதவர் சுட்ட குழல்மீன் தருவார்கள். வேலூரில் எயிற்றியர் ஆக்கிய புளிச்சோறு கிடைக்கும். ஆமூரில் உழவர் வீட்டில் குத்தித் தீட்டிய அரிசியின் வெண்சோறும் நண்டும் உண்டு. புலவர்களின் மிகை இதில் இருக்கலாம். ஆனால் எந்த ஊரில் யார் வீட்டில் என்ன சோறு என்று தெரிந்துகொண்டு நடப்பதுதான் அன்றைய பயணத் திட்டம் என்பது ஐயமில்லாமல் தெரிகிறது.

சிலப்பதிகாரமும் அதே நிலையைக் காட்டுகிறது. புகாரிலிருந்து முப்பது காதம் மதுரை. கோவலனும் கண்ணகியும் நாளொன்றுக்கு ஒரு காதத்துக்கு மேல் நடக்காமல், இடையிடையே பல நாள் தங்கித் தங்கிப் போகிறார்கள். கொடும்பாளூருக்கு அப்பால் பிரியும் மூன்று வழிகளைப் பற்றி மாங்காட்டு மறையவன் எதிர்ப்பட்டுச் சொல்கிறான். மதுரையின் எல்லையை அடைந்ததும், வழித்துணையாக வந்த சமணத் துறவி கவுந்தியடிகள் கண்ணகியை மாதரி என்னும் இடைச்சியிடம் ஒப்படைக்கிறார். வழித்துணை சொன்ன வார்த்தையே அங்கே போதுமான சான்றாகிறது. அறியாத ஊரில் ஒரு பெண்ணுக்குப் பாதுகாப்பான கூரை கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை இளங்கோ நன்றாக உணர்ந்திருந்தார்.

மக்கள் தாங்களாகவே செய்துவைத்த சிறிய ஏற்பாடுகளும் உண்டு. அவற்றில் முதலில் சொல்ல வேண்டியது திண்ணை. தெருவைப் பார்த்த பழைய வீடுகளில் திண்ணையின் ஒரு முனையைச் சரிவாக உயர்த்தித் திண்டு கட்டியிருப்பார்கள். தலையணை இல்லாமல் வருகிறவரும் தலை வைத்துப் படுக்கலாம். வழிப்போக்கர் வீட்டுக்குள் வரவேண்டியதில்லை, வீட்டாரை எழுப்பவேண்டியதும் இல்லை. திருக்கோவலூரில் ஒரு மழை இரவில் பொய்கையாழ்வாரும் பூதத்தாழ்வாரும் பேயாழ்வாரும் இடைகழியில் ஒதுங்கிய வரலாற்றை வைணவர்கள் இன்றும் சொல்கிறார்கள்: ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்ற அளவே அங்கே இடம். முதலாழ்வார்கள் ஒருவரையொருவர் கண்டதே அப்படி ஒண்டி நின்ற இரவில்தான் என்பது மரபு. சாலைகளில் சுமைதாங்கிக் கற்களும் கோடையில் தண்ணீர்ப்பந்தல்களும் இருந்தன. தலைச்சுமையோடு வருகிறவர் பிறர் உதவியின்றி இறக்கி ஏற்றும் உயரத்தில் நட்ட கல் சுமைதாங்கி. பிள்ளைப்பேற்றுக்கு முன் இறந்த கருவுற்ற பெண்ணின் நினைவாகப் பல இடங்களில் அதை நட்டார்கள்.

திண்ணை தனி வீட்டாரின் தருமம். பெருந்திரளாகப் பயணம் போகும் சாலைகளுக்கு அது போதாது. சேதுவுக்கும் காசிக்கும் யாத்திரை பெருகியபோது சத்திரம் தேவைப்பட்டது. 1689 முதல் மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாளின் பெயர் இதில் முன்னால் நிற்கிறது. தென் மாவட்டங்களில் மரநிழல் கொண்ட பழைய சாலைகளை மங்கம்மாள் சாலை என்று மக்கள் இன்றும் சொல்வதுண்டு. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள மங்கம்மாள் சத்திரம் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. இராமேசுவரச் சாலையில் இராமநாதபுரத்துச் சேதுபதி மன்னர்கள் சத்திரங்களை ஏற்படுத்தி, அவற்றின் செலவுக்கு ஊர்களை மானியமாக விட்டார்கள். கட்டடத்தைவிட இந்த மானியமே முக்கியம். நெல் வரவு இருந்தால்தான் அடுப்பு எரியும். அடுப்பு எரிந்தால்தான் அது சத்திரம்.

இந்த ஏற்பாடு எவ்வளவு தூரம் வளர்ந்திருந்தது என்பதற்குத் தஞ்சாவூர் மராத்திய அரசர் இரண்டாம் சரபோஜி 1801இல் ஆங்கிலேய ரெசிடெண்ட் பெஞ்சமின் டோரினுக்கு எழுதிய கடிதம் சான்று. 1799 உடன்படிக்கையால் தஞ்சை நாட்டின் ஆட்சி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போயிருந்தது. சத்திரங்களின் தருமம் குறைந்துவிடக்கூடாதே என்ற கவலையில் அவற்றின் அன்றாட நடைமுறையை அரசர் விளக்குகிறார். எந்தச் சாதியாராயினும், எந்த வகைத் துறவியாராயினும் வழிப்போக்கர் எல்லோருக்கும் அங்கே சோறு உண்டு. சமைத்த சோறு உண்ணாதவர்களுக்கு அரிசியும் மற்றச் சாமான்களும் அளந்து கொடுக்கப்பட்டன. நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர்கள் வரலாம் என்று கூவி அழைத்தபிறகுதான் அன்றைய பந்தி முடியும். குழந்தைகளுக்குப் பால், கருவுற்ற பெண்களுக்குத் தனிக் கவனிப்பு, நோய்க்கும் பாம்புக்கடிக்கும் வைத்தியர், அனாதைப் பிள்ளைகளுக்குப் படிப்பு எல்லாம் இருந்தன. நோயில் விழுந்தவர் குணமாகும்வரை தங்கலாம். இறந்துபோனால் அவரவர் குல வழக்கப்படி அடக்கம் செய்தார்கள்.

இந்தக் கடிதத்தில் நள்ளிரவு மணி சற்று நிறுத்திப் பார்க்கத் தக்கது. வழியில் வண்டி அச்சு முறிந்தவர், ஆற்றில் வெள்ளம் வடியக் காத்துக் கிடந்தவர், குழந்தையைத் தூக்கிக்கொண்டு மெதுவாக நடந்தவர் ஆகியோர்தான் நடுச்சாமத்தில் வந்து சேர்கிறார்கள். எப்போது வருவோம் என்று சொல்ல முடியாத அந்தப் பயணியை மனத்தில் வைத்தே விதி வகுத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டுச் சாலைகள் பயணிக்குக் கொடுத்த ஆகப் பெரிய மரியாதை அந்த மணிதான்.

தஞ்சை மராத்தியர் சத்திரங்கள் பெரும்பாலும் காவிரிக் கரையிலிருந்து சேதுவுக்குப் போகும் வழியில், நடந்து கடக்கும் இடைவெளியில் அமைந்தவை. ஒரத்தநாட்டில் உள்ள முக்தாம்பாள் சத்திரம் அவற்றுள் பேர்பெற்றது. சரபோஜியின் அன்புக்குரிய முக்தாம்பாள் தன் பெயரில் ஒரு தருமம் நடக்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டதாகவும், அதற்காகவே மன்னர் கட்டியதாகவும் சொல்வார்கள். நீடாமங்கலத்துச் சத்திரம் யமுனாம்பாள் பெயரில் அமைந்தது. அரச குடும்பத்துப் பெண்களின் பெயர்கள் இப்படி நெடுஞ்சாலையில் நிலைத்தன.

அரசர்கள் மட்டுமல்ல, வணிகர்களும் துபாஷிகளும் நிலக்கிழார்களும் சத்திரம் கட்டினார்கள். சென்னையிலிருந்து மேற்கே போகும் சாலையில் சுங்குவார்சத்திரம், பாலுசெட்டிசத்திரம். பழனிச் சாலையில் ஒட்டன்சத்திரம். பரமக்குடியைத் தாண்டிச் சத்திரக்குடி. திருச்சியில் சத்திரம் பேருந்து நிலையம். பழைய நடைவழிகளை வரைய விரும்புகிறவர் இந்த ஊர்களைப் புள்ளி வைத்து இணைத்தாலே போதும். பல சத்திரங்களில் ஒருவர் மூன்று நாள் வரை தங்கலாம் என்பது வழக்கம். அடுத்து வருகிறவருக்கு இடம் விடவேண்டும் என்பதே அந்த வரம்பின் காரணம்.

ஆனால் வாசல் எல்லோருக்கும் ஒரே அளவில் திறந்திருந்தது என்று எழுதினால் அது பொய்யாகும். பல சத்திரங்களில் சாதிக்கொரு கூடமும் தனித்தனிப் பந்தியும் இருந்தன. சில சத்திரங்கள் ஒரு சாதியாருக்கு மட்டுமே உணவு போட்டன. ஒடுக்கப்பட்ட மக்களுக்குப் பெரும்பாலான இடங்களில் மரத்தடியே கதி. பெயர் கேட்டு, குலம் கேட்டு உள்ளே விட்ட காலத்தில், முன்கூட்டிச் சொல்லாமல் போனாலும் இடம் கிடைக்கும் என்ற நிம்மதி சிலருக்கு மட்டுமே உரியதாக இருந்தது.

இந்தத் தடையை ஒரு சமூகம் தானே வழியமைத்துத் தாண்டியது. 19ஆம் நூற்றாண்டில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து கருப்பட்டி, கருவாடு, உப்பு, பருத்தி ஏற்றி வடக்கே போன நாடார் வணிகர்களுக்கு வழியில் கள்ளர் பயம் ஒருபக்கம், தங்க இடம் கிடைக்காத அவமானம் மறுபக்கம். அவர்கள் வண்டித்தடத்தில் பேட்டைகளைக் கட்டினார்கள். சுற்றிலும் மதில், நடுவே வண்டிகளை விடத் திறந்த முற்றம், கிணறு, சரக்கு வைக்க அறைகள், இரவில் பூட்டும் கதவு என்பது பேட்டையின் அமைப்பு. ஒரு நாள் வண்டிப் பயணத்துக்கு ஒன்றாக அவை அமைந்தன. செலவுக்கு ஒவ்வொரு வணிகரும் சரக்கின் அளவுக்கேற்ப மகமை கொடுத்தார். சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தூர், அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி ஆகிய ஊர்களில் உறவின்முறைகள் என்னும் நாடார் சங்கங்கள் இந்த மகமையால் வளர்ந்து, பின்னால் பள்ளிக்கூடங்களையும் நடத்தின. சத்திரம் பிறர் தருமத்தில் நடந்தது; பேட்டை தங்குகிறவர்களே சேர்ந்து நடத்தியது. முன்கூட்டிப் பணம் கட்டி இடத்தை உறுதி செய்யும் எண்ணத்துக்குத் தமிழ்நாட்டில் நெருங்கிய முன்னோடி தேடினால் பேட்டையைத்தான் காட்டவேண்டும்.

வசதி படைத்தவர்கள் சத்திரத்தை மட்டும் நம்பிப் போகவில்லை. சென்னை உச்ச நீதிமன்றத்தில் தலைமை மொழிபெயர்ப்பாளராக இருந்த ஏனுகுல வீராசாமி 1830 மே மாதம் காசிக்குக் கிளம்பி, 1831 செப்டம்பரில் திரும்பினார். பெரிய பரிவாரமும் கூடாரங்களும் கூடவே போயின. அவர் தெலுங்கில் எழுதிவைத்த நாட்குறிப்பில், தங்கிய ஊர்களில் சத்திரம் உண்டா, கடை உண்டா, தண்ணீர் எப்படி என்ற விவரங்கள் விடாமல் வருகின்றன. பின்னால் வரப்போகிறவர்களுக்கு உதவும் என்ற எண்ணம் அதில் தெரிகிறது.

ஆங்கிலேய அதிகாரிகள் தொடக்கத்தில் சத்திரங்களிலேயே தங்கினார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் அவர்களுக்கென்று முக்கியச் சாலைகளில் பங்களாக்கள் எழுந்துவிட்டன. தமிழர் அவற்றை முசாபரி பங்களா என்றார்கள். இரண்டோ மூன்றோ அறைகள், சுற்றுத் தாழ்வாரம், ஒரு காவல்காரர், ஒரு சமையல்காரர். முதலில் வந்தவருக்கு முதலிடம்; இருபத்து நான்கு மணி நேரம் ஆனபின் அடுத்தவர் வந்து காத்திருந்தால் காலி செய்யவேண்டும் என்பது தபால் சாலைப் பங்களாக்களின் விதி. வருகிறவர் எப்போது வருவார் என்று தெரியாததால், வண்டி வாசலில் நின்றபிறகுதான் சமையல்காரர் கோழியைப் பிடிக்க ஓடுவார்.

பொதுப்பணித் துறையும் வனத்துறையும் தங்கள் அதிகாரிகளுக்காகக் கட்டிய ஆய்வு மாளிகைகளில் நிலை மாறியது. அங்கே தங்கக் கலெக்டரிடமோ நிர்வாகப் பொறியாளரிடமோ வனத்துறை அலுவலரிடமோ முன்கூட்டி எழுதி அனுமதிச் சீட்டு வாங்கவேண்டும். சீட்டு கையில் இருந்தாலும், முகாம் வந்த பெரிய அதிகாரிக்கு அறை தேவைப்பட்டால் மற்றவர் வெளியேறவேண்டியதுதான். தமிழ்நாட்டில் முன்பதிவு என்பது இப்படி அனுமதியாகத்தான் அறிமுகமாயிற்று. சத்திரத்தில் வந்து சேர்ந்ததே தகுதியாக இருந்தது. பங்களாவில் கடிதம் தகுதியாயிற்று. விடுதலைக்குப் பிறகு பெயர்ப்பலகைகள் பயணியர் மாளிகை என்று மாறின. கடிதம் வாங்கும் நடைமுறை மாறவில்லை.

1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு ரயில் ஓடத் தொடங்கியது. நடைவழிச் சத்திரங்களின் வீழ்ச்சி அன்று தொடங்கியது என்று சொல்லலாம். பத்து நாள் நடந்த தொலைவை ஒரே இரவில் கடந்தவருக்கு இடைவழி ஊர்கள் ஜன்னலோரத்தில் ஓடி மறையும் பெயர்கள் ஆகிவிட்டன. 1914இல் பாம்பன் பாலம் திறந்தபின் சேதுச் சாலையில் நடப்பவர் கூட்டம் குறைந்தது. புதிய சத்திரங்கள் ரயில் நிலையங்களுக்கு அருகே எழுந்தன. சென்னை சென்ட்ரலுக்கு எதிரே உள்ள இராமசாமி முதலியார் சத்திரம் அப்படிப்பட்டது. பழைய சத்திரங்கள் பல, 1871ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் வளர்ந்த உள்ளாட்சி அமைப்புகளின் பொறுப்புக்குப் போயின. அவற்றில் பள்ளிக்கூடமும் மாணவர் விடுதியும் அரசு அலுவலகமும் வந்தன. நகரங்களில் இருந்தவை கல்யாணத்துக்கு வாடகைக்குப் போயின. படிப்புக்குப் பயன்பட்டதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் நடந்து வரும் ஏழைக்கு இருந்த இரவு இடம் போனது போனதுதான்.

வாசலில் நின்ற சாதித் தடை உடையத் தொடங்கியது 20ஆம் நூற்றாண்டில். 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானம் பொதுச் சாலைகளையும் கிணறுகளையும் பொது இடங்களையும் ஒடுக்கப்பட்டோருக்குத் திறந்துவிடச் சொன்னது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு ஓட்டல்களில் சாதி, மதம் பார்த்துத் தடுப்பதை விலக்கியது. 1955ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றச் சட்டம் தரும சத்திரங்களையும் முசாபரிகானாக்களையும் பெயர் சொல்லியே குறிப்பிட்டது. சத்திரங்களின் நல்ல காலம் முடிந்தபிறகே அவற்றின் கதவு சட்டப்படி எல்லோருக்கும் திறந்தது என்பது இந்த வரலாற்றின் துயரம்.

அதற்குள் லாட்ஜ் வந்துவிட்டது. காசு கொடுத்தால் அறை என்ற ஏற்பாடு முதலில் ரயிலடியையும் பின்னால் பேருந்து நிலையத்தையும் ஒட்டி வளர்ந்தது. உடுப்பிக்காரர்கள் சாப்பாட்டுக் கடைக்கு மாடியில் அறைகளைச் சேர்த்தார்கள். 1930களின் இறுதியில் கிருஷ்ண ராவ் சென்னையில் தொடங்கிய உட்லண்ட்ஸ் அந்த வகையில் பெரிதாக வளர்ந்தது. லாட்ஜில் யாரும் குலம் கேட்கவேண்டியதில்லை. பதிவேட்டில் பெயரும் ஊரும் எழுதி, அட்வான்ஸ் கட்டினால் சாவி. சாதி இந்துக்கள் நடத்திய பழைய சத்திரத்தின் வாசலில் நிறுத்தப்பட்டவர்களுக்கு இது பெரிய விடுதலை. ஆனால் லாட்ஜும் எல்லோரையும் உள்ளே விட்டதில்லை. தனியாக வரும் பெண்ணுக்கும், சில சமயம் தனியாக வரும் ஆணுக்கும்கூட, மேசைக்குப் பின்னால் இருப்பவர் ரூம் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்புவது வெகுகாலம் நடந்தது, இன்றும் அற்றுப்போகவில்லை.

முன்கூட்டி அறை பிடிப்பது சாதாரணக் குடும்பங்களின் வழக்கமானது மெதுவாகத்தான். ரிப்ளை கார்டு எழுதியும், மணியார்டரில் அட்வான்ஸ் அனுப்பியும், ட்ரங்க் கால் போட்டும் கோடைக்கு ஊட்டியிலும் கொடைக்கானலிலும் அறை பிடித்தார்கள். 1971இல் தொடங்கிய தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் ஓட்டல் தமிழ்நாடு விடுதிகளுக்கு ஓர் ஊரில் இருந்துகொண்டே மற்ற ஊருக்குப் பதிவு செய்ய வழி செய்தது. எஸ்.டி.டி. தொலைபேசி பரவியபின் பதிவு எளிதாயிற்று. இணையம் வந்தபின் கைப்பேசிக்குள் அடங்கிற்று. நான்குவழிச் சாலை இன்னொரு மாற்றத்தைச் செய்தது. சென்னையிலிருந்து மதுரைக்கு ஏறத்தாழ 460 கிலோமீட்டர். விடியற்காலையில் கிளம்பும் கார் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடுகிறது. விழுப்புரத்திலோ திருச்சியிலோ ஓர் இரவு தங்கவேண்டிய தேவையே பலருக்கு இல்லாமல் போயிற்று.

இன்றைய சாலைப் பயணி முன்பதிவு செய்யவேண்டுமா என்பது நாளையும் ஊரையும் பொறுத்தது. சாதாரண நாட்களில் மாவட்டத் தலைநகர்களில் பேருந்து நிலையத்தைச் சுற்றி நேரில் போய் அறையைப் பார்த்து, தண்ணீர் வருகிறதா என்று குழாயைத் திறந்து பார்த்து, வாடகை பேசி எடுப்பதே பெரும்பாலும் நல்லது. படத்தில் தெரியாதது நேரில் தெரியும். சித்திரைத் திருவிழாவில் மதுரை, கார்த்திகை தீபத்தில் திருவண்ணாமலை, தைப்பூசத்தில் பழனி, ஆடி அமாவாசையில் இராமேசுவரம், கோடை விடுமுறையில் மலை ஊர்கள் ஆகியவற்றில் பதிவில்லாமல் போவது குழந்தை குட்டிகளோடு நடுத்தெருவில் நிற்பதற்கு ஒப்பு. முகூர்த்த நாட்களில் சிறிய ஊர் லாட்ஜுகள் கல்யாண வீட்டாருக்கே மொத்தமாகப் போய்விடுகின்றன. பஞ்சாங்கம் பார்த்துக் கிளம்புவது இதற்கும் உதவும். தனியாகப் போகும் பெண்களுக்கும் இரவு நேரம் கழித்துச் சேர்கிறவர்களுக்கும் எந்த நாளிலும் முன்பதிவே பாதுகாப்பு. 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வெளியூர் வாகனங்களுக்கு, உயர் நீதிமன்ற உத்தரவின்படி, இ-பாஸ் வேண்டும். அறைக்கு மட்டுமல்ல, மலை ஏறவே முன்கூட்டிப் பதியவேண்டிய காலம் இது.

பழைய முறை முற்றிலும் அழிந்துவிடவில்லை. தைப்பூசத்துக்குக் காவடியோடு பழனிக்கு நடக்கும் நகரத்தார் குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம் வழியாக, தலைமுறை தலைமுறையாகத் தங்கிய இடங்களிலேயே தங்கிப் போகிறார்கள். வழிநெடுக ஊர்க்காரர்கள் பந்தல் போட்டுச் சோறும் மோரும் கொடுக்கிறார்கள். பிற ஊர்களிலிருந்து நடந்து வருகிறவர்களும் அந்தப் பந்தல்களில் படுத்து எழுந்து போகிறார்கள்.

தஞ்சை மராத்தியர் சத்திரங்களின் நிலங்கள் இன்னும் மாவட்ட நிர்வாகத்தின் சத்திரப் பிரிவில் இருக்கின்றன. கட்டடங்கள் பல பாழடைந்து கிடக்கின்றன. வழிப்போக்கருக்காக எழுதிவைத்த சொத்து அது. ஒரத்தநாட்டிலும் நீடாமங்கலத்திலும் உள்ளவற்றைப் பழமை கெடாமல் செப்பனிட்டு, குறைந்த வாடகையில், பதிவு செய்யாமல் இரவில் வந்து சேர்கிறவருக்கும் சில அறைகளை ஒதுக்கி, சாதி கேட்காத சத்திரங்களாக அரசு மீண்டும் திறக்கவேண்டும்.